பதினொரு கிலோ பயம்

அன்று காலை, வண்டி கிளம்பியபோது, கிள்ளான் பண்டமாரானில் அந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான்கே பேர். வண்டிக்குச் சொந்தக்காரர் குமரேசன் அண்ணன், துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். அவர் மகள் தேவி, ரவாங்கில் மருந்துக்கடை வைத்திருப்பவள். சைக்கிள் கடை அங்கிள், சீனர், நம்மில் பாதிப் பேரைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார், பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்காவது ஆள் நான், வீடுகளுக்கு இரும்புக் கேட்டு செய்கிற 'கேட்டு' பார்வதி. ஒரு பூனையும் இருந்ததாகக் குமரேசன் அண்ணன் சொல்வார். நான் பார்க்கவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படித் தலை எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு கிள்ளானில் குறைந்தது இருபது பேராவது "நானும் அங்கதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம்பாதீர்கள்.

நான் வேலை பார்த்த வெல்டிங் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வெல்டிங் எப்படி வைப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அதைக் கையே கற்றுக்கொள்ளும். எங்கே வைக்காமல் இருப்பது என்பதுதான் கடினம். அதைக் கற்க எனக்கு நாற்பது வருடம் ஆனது, அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, ரோட்டோரத்தில், லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகையில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் உடம்போடு பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு முச்சந்தி வரை போய், கேஸை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். மின்சார அடுப்பு வாங்கின பிறகும் கேஸைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறேன்.

தொழிலிலும் அப்படித்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கேட்டு செய்து கொடுத்தேன். லோரி பின்னால் வந்து இடித்தால்? சின்னப் பிள்ளைகள் ஏறி ஊஞ்சல் ஆடினால்? இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கம்பி கூடியது. முதல் கல்யாணத்தன்று இரண்டு பேர் சேர்ந்து கேட்டைத் தள்ளித் திறந்தார்கள். கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வெல்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கீலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூண்தான் கேட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. வழி அடைபட்டு, மாப்பிள்ளை சமையல்கட்டு வழியாக உள்ளே போனார். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ரசத்தைப் பார்த்த மாப்பிள்ளை அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்போதாவது திருந்தியிருக்க வேண்டும். "தூண் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது குமரேசன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். கிரேன் ஓட்டுவது ஜாலியான வேலை என்று நினைப்பீர்கள். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் குனிந்து, கீழே கப்பலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பது வருடம் அப்படிக் கீழே பார்த்ததில் கழுத்தும் முதுகும் போய்விட்டன. ஆபரேஷன் முடிந்த பிறகு அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மோட்டார் சைக்கிளை விற்றார். ஆனால் சாய்வு நாற்காலியில் சாய்ந்தால் மணிக்கணக்காக இருப்பார். வலியே கிடையாது. "காலை ஆட்டுங்க, சைக்கிள் மிதிக்கிற மாதிரி" என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

எட்டு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. காலையில் காய் வாங்கப் பாசார் போவது கிடையாது, துறைமுகத்து நண்பர்களோடு கடையில் தே தாரேக் டீ கிடையாது. தேவி ஒவ்வொரு ஞாயிறும் ரவாங்கிலிருந்து கார் ஓட்டி வந்து, ஒரு வாரச் சாப்பாட்டைச் சமைத்து, டப்பாவில் போட்டு, மேலே கிழமை எழுதி ஒட்டிவிட்டுப் போவாள்.

"பார்வதி, ஃபிரிட்ஜைத் திறந்தா என் வாழ்க்கையே திங்கள், செவ்வாய், புதன்னு அடுக்கி வச்சிருக்கு" என்றார் என்னிடம். "புதன்கிழமை டப்பாவ செவ்வாய்க்கிழமை தின்னா மட்டும்தான் எனக்கு அட்வென்ச்சர்."

தேவியையும் குறை சொல்ல முடியாது. கடையைப் பார்த்து, பிள்ளைகளைப் பார்த்து, போக வர இரண்டு இரண்டரை மணி நேரம் ரோட்டில். ரவாங்கில் தன் வீட்டு மாடியில் ஒரு அறையை ஒழித்து வைத்துவிட்டாள். அப்பா வந்துவிட்டால் பண்டமாரான் வீட்டை வாடகைக்கு விடலாம். சாமான் ஏற்ற லோரிக்காரரிடமும் பேசிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார். எந்த நாட்டுத் தாத்தாவோ, மூன்று சக்கர வண்டியில் மல்லாந்து சாய்ந்தபடி, காலை முன்னால் நீட்டி மிதித்துக்கொண்டு போகிறார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பின் சக்கரத்தில் குட்டி மோட்டார்.

"இதை நீ செஞ்சு தரணும்."

"அண்ணே, நான் கேட்டு செய்றவ."

"கேட்டுக்கும் கீழ சக்கரம் இருக்குல்ல?"

அந்த ஒரு கேள்வியால்தான் இந்த வேலையில் மாட்டினேன்.

"முப்பது வருஷம் கீழயே பாத்துட்டேன் பார்வதி. இனி மேல பாத்துக்கிட்டு ஓட்டணும்" என்றார். மேலே பார்த்தால் நம் ஊர் வெயில் கண்ணைக் குத்தும் என்றேன். அப்படியானால் கூரை வேண்டும். கூரை என்று ஒன்று போட்ட பிறகு அது சும்மா ஏன் இருக்க வேண்டும்? சோலார் தகட்டையே கூரையாகப் போட்டுவிடலாம் என்று முடிவானது. அது பேட்டரிக்குக் கொஞ்சம் ஊட்டிக்கொண்டே வரும். ரோட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று நான்கு இடத்தில் கேட்டேன். பெடல் இருக்கட்டும், சைக்கிள் வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்றார்கள். ஆகவே மோட்டார் சின்னதாகத்தான் வாங்கினோம். சக்கரங்களும் பிரேக்கும் சைக்கிள் கடை அங்கிள் கொடுத்தார்.

தேவி ஒரு நிபந்தனை போட்டாள். "ஓகே ப்பா. பண்டமாரான்ல இருந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் பார்வதி ஆன்டி வீட்டு வரைக்கும் நீங்களே ஓட்டிட்டுப் போங்க. யாரும் ஒரு விரல் வச்சுக்கூட தள்ளக் கூடாது. போயிட்டீங்கன்னா ரவாங் பேச்ச எடுக்க மாட்டேன். இல்லன்னா, லோரி வரும்." லோரிக்காரர் ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குள் பதில் கேட்டிருந்தார்.

தூரம் பெரியதில்லை. ஆனால் நடுவே ஆற்றுப் பாலம் இருக்கிறது. கிள்ளானில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

இரண்டு மாதம் செய்தேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரும்புக்கு மட்டும் கிலோவுக்கு நான்கு வெள்ளி இருபது காசு வாங்கினேன். இரும்பு என்றால், எனக்குத் தெரிந்த இரும்புதான். கேட்டுக்குப் போடும் அதே சதுரக் குழாய்.

ஒவ்வொரு காலையும் ஒரு புதுப் பயத்தோடு வேலைக்குப் போவேன். சீட்டு முதுகு பின்னால் மடங்கினால்? ஒரு தாங்கல். அந்தத் தாங்கல் விட்டுப்போனால்? அதற்குத் துணையாக இன்னொன்று. காற்று அடித்துக் கூரை பறந்தால்? நான்கு கால் போதாது, ஆறு. ஒரு நாள் தேவி வந்து பார்த்துவிட்டு, "ஆன்டி, சைட்ல லோரி இடிச்சா?" என்றாள். அவ்வளவுதான். வண்டியைச் சுற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு வேலி போட்டுவிட்டேன். பயந்தவளுக்குத் துணை இன்னொரு பயந்தவள் என்றால் இரும்புக்கடைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னும் ஒன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. கூரையின் நான்கு மூலைக் கம்பிகளும் மேலே மொட்டையாக நின்றன. மொட்டைக் கம்பியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பழக்கம். நான்கிலும் கேட்டுக்கு வைக்கும் ஈட்டி முனையை வைத்து, தங்க நிறப் பெயின்ட் அடித்துவிட்டேன். பக்கவாட்டில் பூட்டு மாட்டுவதற்கு ஒரு கொண்டியும்.

அந்த ஞாயிறு காலை அங்கிள் பிரேக்கைச் சரிபார்க்க வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அண்ணன் எங்க குந்தணும்? உள்ளயா, வெளியயா?"

"ஏன் அங்கிள்?"

"இது பாகார் லா. வேலி. வேலி எங்கயாச்சும் ஓடி பாத்திருக்கியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க சக்கரம் ஸ்ட்ராங்கா இருந்தா எங்க வேலி ஓடும்" என்றேன். அவர் குனிந்து டயருக்குக் காற்று அடித்தார்.

பத்து மணிக்கு வண்டி கிளம்பியது. அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஹெல்மெட் மாட்டி, மல்லாந்து சாய்ந்தார். தேவி காரை அபாய விளக்கோடு பின்னால் ஓட்டினாள். நான் பக்கத்தில். அங்கிள் சாமான் பெட்டியோடு பின் சீட்டில்.

பிள்ளைகளா, அந்த முதல் அரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது! எட்டு மாதம் வீட்டுக்குள் கிடந்த மனுஷன் காலை ஆட்டிக்கொண்டு, தங்க ஈட்டிகள் வெயிலில் மினுங்க, ராஜா மாதிரி போகிறார். நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா கரண்டியோடு ஓடி வந்து, "பாக்சிக், தூங்குறீங்களா, ஓட்டுறீங்களா?" என்று மலாயில் கத்தினாள். விளக்கு சிவப்பில் நின்றபோது பக்கத்து லோரியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே! கட்டில் எங்க வாங்கின?"

"கட்டில் இல்ல தம்பி, கேட்டு!" என்றார் அண்ணன்.

"அப்ப வீடு எங்க?"

"பின்னால கார்ல வருது!"

தேவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது.

"ஆன்டி, மூச்சு விடுங்க."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"உள்ளயும் இழுங்க."

பாலம் வந்தது. அண்ணன் ஏறத் தொடங்கினார். இருபது அடி, முப்பது அடி. வேகம் குறைந்தது. அவர் மிதிக்கிற வேகம் கூடியது. அதன்பின் மோட்டாரின் ரீங்காரம் பட்டென்று நின்றது. மோட்டாருக்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு, கன்ட்ரோலர். பாரம் தாங்காமல் சூடாகித் தானே அணைந்துகொண்டுவிட்டது.

எங்களுக்குப் பின்னால் லோரிகள். ஒருவர் ஹாரனில் கை வைத்ததும் எல்லோரும் வைத்தார்கள். நான் கதவைத் திறந்து பாய்ந்துவிட்டேன். என் இரண்டு கையும் வண்டியின் முதுகுக்கு அரை அடி தூரத்தில். ஒரே தள்ளு, மேலே போய்விடும், அவருக்கு ஆபத்து இருக்காது. ஆனால் தள்ளினால் ரவாங்.

"பார்வதி! கைய எடு!" அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

அந்த நேரத்தில் பயம் இரண்டு காதிலும் இரண்டு விதமாகக் கத்துகிறது. தள்ளு என்கிறது ஒன்று, தள்ளாதே என்கிறது இன்னொன்று. நான் செய்தது இதுதான்: ரோட்டைப் பார்த்தேன். இடது பக்கம், பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில், அகலமான புல் ஓரமும் ஒரு மரமும் இருந்தன. தேவி காரைக் குறுக்காக நிறுத்தி லோரிகளை மறித்துக்கொண்டாள். "அண்ணே, பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா விட்டு பின்னால இறங்குங்க. நான் வழி சொல்றேன்" என்றேன். தானாக இறங்குவது தள்ளுவது ஆகாது. அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக இறக்கிப் புல்லில் ஏற்றினார். கப்பலில் பெட்டி வைத்த கை அல்லவா.

மரத்தடியில் நின்றதும் தேவியின் ஃபோன் அடித்தது. லோரிக்காரர். குரல் எங்களுக்கும் கேட்டது.

"தங்கச்சி, வரணுமா, வேணாமா?"

"பன்னெண்டு ஆகல அண்ணே."

மணி பத்தே முக்கால்.

கன்ட்ரோலர் ஆறிவிடும், ஆனால் அதே பாரத்தோடு ஏறினால் மறுபடி அணையும் என்றார் அங்கிள். அதன்பின் என்னைப் பார்த்தார். இரும்பு வெட்டும் என் கிரைண்டர் காரில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் பேட்டரி கிரைண்டர் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. எதற்காவது தேவைப்பட்டால்?

"எத வெட்டுறது?" என்றேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. "எல்லாமே தேவைன்னுதான வச்சேன்."

அவர் "இதை வெட்டு, அதை வெட்டு" என்று சொல்லவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அண்ணனை மரத்தடியில் பாய் விரித்துச் சாய வைத்தோம். வண்டியின் பேட்டரியையும் சோலார் தகட்டையும் கழற்றித் தள்ளி வைத்தோம். அங்கிள் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, சீட்டுக்குப் பின்னால் ஒரு குழாயில் ஒரு விரலை வைத்தார்.

"அக்கா, இது என்னத்த புடிச்சிருக்கு?"

"சீட்டு முதுக."

"அப்ப இது?" பக்கத்திலேயே அதே மாதிரி ஒன்று.

"அதுவும் சீட்டு முதுகதான்."

"அது லீவு போட்டாதான் இது வேலைக்கு வருமா?"

வெட்டினேன்.

"இது?"

"கூரை."

"கூரைக்கு ஆறு கால். மாட்டுக்கே நாலுதான் லா."

இரண்டை வெட்டினேன்.

"இந்த ஈட்டி?"

நான் தங்கப் பெயின்ட்டைத் தடவிப் பார்த்தேன். பாயிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "திருடன் மேல ஏறிக் குதிச்சிட்டா என்ன செய்றது அங்கிள்?"

நான்கும் புல்லில் விழுந்தன.

"இந்தக் கொண்டி?"

"பூட்டு போட."

"யார? அண்ணனையா?"

தேவி சிரித்துச் சிரித்து மரத்தில் சாய்ந்துவிட்டாள். நானும் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். சிரிக்கும்போது கிரைண்டர் பிடிக்கக் கூடாது, அதனால் நிறுத்தி, சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெட்டினேன். நாற்பது வருடத்தில் நான் வைத்ததை நானே வெட்டியது கிடையாது. இரண்டு மாதமாக ஒவ்வொன்றையும் பயந்து பயந்து வைத்தேன். வெட்ட வெட்ட, என்னவோ காது அடைப்பு விட்ட மாதிரி லேசாக இருந்தது.

பிறகு அங்கிள் விரலைச் சுற்று வேலியின் மேல் வைத்தார். அதுதான் இருப்பதிலேயே பெரிய பாரம். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அது தேவி கேட்டுப் போட்டது. அதோடு, அது இருந்தால் வண்டி ஏறாது. ஏறாவிட்டால் ஜெயிப்பது அவள்தான்.

"அது பிள்ளையோடது. விட்டுடுங்க" என்றார் அண்ணன். சிரிப்பு போய்விட்டிருந்தது.

தேவி வந்து குந்தி வேலியைத் தொட்டுப் பார்த்தாள். "அங்கிள், உண்மையா சொல்லுங்க. லோரி இடிச்சா இது தாங்குமா?"

"லோரிக்கு இது பென்சில். லோரிக்காரன் கண்ணுல படணும், அதான் வேலை. கொடி, லைட்டு, கண்ணாடி. அதெல்லாம் வை. இது அவன் கண்ணுக்கே தெரியாது."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மரத்து இலைகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். ஃபோன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"வெட்டுங்க ஆன்டி" என்றாள். "நான் புடிச்சுக்கிறேன், ஆடாம இருக்கும்."

அவள் பிடித்துக்கொள்ள, நான் வெட்டினேன்.

கடைசியாக ஒன்று. முன் சக்கரம் இரண்டையும் சேர்க்கும் குறுக்குக் குழாயும் நடு முதுகுக் குழாயும் சந்திக்கும் இடத்தில், மூலைக்கு ஒன்றாகக் கனமான முக்கோணத் தகடுகள் வைத்திருந்தேன். அங்கிள் விரல் வைத்தார்.

"இது வேணாம். வெல்டிங்கே தாங்கும்."

நான் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டேன். "இத வெட்ட மாட்டேன்."

"என்னத்த புடிச்சிருக்கு?"

"பிரேக் புடிச்சா மொத்த பாரமும் இங்கதான் வந்து நிக்கும். இது அண்ணன புடிச்சிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு விரலை எடுத்தார்.

தன் பெட்டியிலிருந்து கொக்கித் தராசை எடுத்து, வெட்டிய துண்டுகளைக் கயிற்றில் கட்டித் தூக்கினார். சரியாகப் பதினொரு கிலோ. "உன் பயம் நல்ல வெயிட்டு அக்கா" என்றார்.

பேட்டரியையும் தகட்டையும் திரும்ப மாட்டியபின், பதினொன்றரைக்கு அண்ணன் மறுபடி பாலம் ஏறினார். நாங்கள் காரில் பின்னால். மெதுவாக, மனுஷன் நடக்கிற வேகம். மோட்டார் முனகியது. பாதிப் பாலத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் எடை கூடியிருந்தாலும் நின்றிருக்கும் என்று நினைத்தேன். தேவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உடம்பை முன்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள், அதனால் வண்டி ஏறிவிடும்போல. அங்கிள் பின்னாலிருந்து சீனத்தில் என்னவோ கத்தினார். நான் கும்பிட்டேன், திட்டினேன், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

உச்சிக்குப் போனதும் அண்ணன் வலது கையைக் கூரைக்கு வெளியே நீட்டி, சுட்டு விரலை மேலே காட்டி, சின்னதாக வட்டம் போட்டார்.

"என்ன கேக்குறாரு? உதவியா?" என்று நான் பதறினேன்.

"இல்ல ஆன்டி. கிரேன் சிக்னல். 'தூக்கு'ன்னு அர்த்தம்." அவள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி அதே மாதிரி வட்டம் போட்டாள். "சின்ன வயசுல அப்பா தோள்ல ஏறணும்னா நான் அப்படித்தான் காட்டுவேன்."

இறக்கத்தில் அவர் போன வேகத்தை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, பாலம் இறங்கும் இடத்தில் ரொட்டி சானாய் கடையைக் கண்டு ஒரு கார் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அண்ணன் பிரேக் பிடித்தார். முன் சக்கரங்கள் கிறீச்சிட்டன, பின் சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பிக் கீழே விழுந்தது. காருக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு முழம். குறுக்குக் குழாய் ஓர் இழைகூட வளையவில்லை. பின்னால் அங்கிள் குரல் மட்டும் வந்தது: "சரி அக்கா. அது வேணும்."

ஆகவே பிள்ளைகளா, பார்வதி பயப்படாதே என்று சொன்னாள் என்று போய்ச் சொல்லாதீர்கள். பயப்படுங்கள். பயந்த பிறகு ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, இது எதைப் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பெயரோ ஒரு பாரமோ பதிலாக வந்தால் அது இருக்கட்டும். வாயில் ஒன்றும் வராவிட்டால் கிரைண்டரை எடுங்கள்.

என் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். தேவி தானே லோரிக்காரரைக் கூப்பிட்டாள்.

"வேணாம் அண்ணே."

"ஏன்மா, வேற லோரி கிடைச்சிருச்சா?"

"ஆமா அண்ணே. மூணு சக்கரம்."

பிறகு அப்பாவிடம், "ரவாங் ரூம் அப்படியே இருக்கும். ஆனா நீங்க விருந்தாளி, ரெண்டு நாளைக்கு மேல தங்க விடமாட்டேன்" என்றாள். அவர் படுத்தபடியே சல்யூட் அடித்தார்.

அன்றைக்கே, தே தாரேக் குடித்து முடிப்பதற்குள், குமரேசன் அண்ணன் ஒரு பேச்சை எடுத்தார். "பார்வதி, இரும்புக்குக் கிலோ கணக்குல காசு வாங்கின. பதினோரு கிலோவ வெட்டிப் போட்ட. அந்தக் காச திருப்பிக் கொடு."

"அடுத்த மாசம் வாங்கண்ணே" என்றேன். அன்று கையில் சில்லறை இல்லை.

அடுத்த மாதம் பாலம் ஏறி வந்தார். வாசலில் மணி அடித்து, "கடன்காரி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். தே குடித்தார், வடை தின்றார், அங்கிள் கடையில் நடந்த கதையைச் சொன்னார், காசு வாங்காமல் போனார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறார். ஒருமுறை தேவி, "நான் குடுத்துடவா ஆன்டி?" என்று ஃபோனில் கேட்டாள். "உன் வேலையப் பாரு, உங்கப்பா இங்க வரதுக்கு வேற காரணம் நீ கண்டுபிடிச்சுத் தருவியா?" என்றேன்.

காசு ஒரு கவரில் போட்டு, மேலே அவர் பெயர் எழுதி, அலமாரியில் இருக்கிறது. சரியாக இருக்கிறதா என்று இன்று காலையும் எண்ணிப் பார்த்தேன். நான் குமரேசன் அண்ணனுக்கு இன்னும் தர வேண்டியது நாற்பத்தாறு வெள்ளி இருபது காசு.